வெறும் தண்ணீர் கொதித்த அண்டா

சங்கரன்கோவில் வட்டாரத்தில் என் சாம்பாரைச் சாப்பிடாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் இங்கே குடிவந்திருக்க வேண்டும். இதை நானே சொல்லிக்கொண்டு திரிவதாக என் மனைவி பேச்சியம்மாள் சொல்வாள். ஊர் சொல்கிறது, நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனா பிடிப்பதைவிடக் கரண்டி பிடிப்பது எனக்குச் சுலபம். இருந்தாலும் முப்பத்தாறு வருஷம் தவசிப்பிள்ளையாக இருந்தவனுக்குச் சொல்ல விஷயம் இருக்காதா? தவசிப்பிள்ளை என்றால் கல்யாணச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இப்போது கேட்டரிங் என்கிறார்கள். பெயர் மாறினாலும் உப்பு அதே உப்புதான்.

மூட்டு தேய்ந்து, அடுப்படியில் நிற்க முடியாமல் நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் என் அக்கா மகன் முருகேசன் வந்தான். நாற்பது வயது. அவனும் இதே தொழில்தான். ஆனால் மினி வேன், கேஸ் அடுப்பு, ஒரே நிறத்தில் சட்டை போட்ட பரிமாறும் ஆட்கள் என்று பெரிய அளவில் செய்கிறான். வந்தவன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு பத்திரிகை வச்சிருக்காவ. எல்லாருக்கும் போன்ல கேள்வி அனுப்பியாச்சு. வருவேன்னா ஒண்ணு, வரமாட்டேன்னா ரெண்டு. நானூத்திப் பன்னெண்டு பேரு வாரேன்னு அமுக்கிட்டாவ. இனிமே தலையப் பிச்சிக்கிட வேண்டாம்லா?"

நான் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"தெரியாதுன்னு அமுக்க எடம் இல்லியாலே?"

"தெரியாதுன்னு எவனாவது சொல்லுவானா மாமா?"

"சொன்னவரு ஒருத்தரு இருந்தாரு."

"யாரு?"

அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். நீங்கள் போக மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதாகும்போது நான் தறி ஓட்டிய விசைத்தறிக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சுப்பையா அண்ணாச்சியின் சமையல் குழுவில் பாத்திரம் கழுவப் போனேன். கழுவினேன், காய் வெட்டினேன், தேங்காய் துருவினேன், தீ தள்ளினேன். ஐந்தாறு வருஷம் அப்படிப் போயிற்று. என் அளவு வேகமாக அவியலுக்குக் காய் நறுக்குகிற ஆள் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

சொல்ல வேண்டியது சுப்பையா அண்ணாச்சியைப் பற்றித்தான்.

ஒல்லியான ஆள். தலையில் ஈரத்துண்டு. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். ஆவியில் முகத்தைக் காட்டி மூக்கால் இழுப்பார். "உப்பு ஒரு கை" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாத்திரத்துக்குப் போவார். பேச்சு அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் பந்திக்கு முன்னால் பதறிக்கொண்டு ஆக்குப்புரைக்குள் வருவார்கள். சமையலுக்கென்று போட்ட கொட்டகைக்கு எங்கள் பக்கம் ஆக்குப்புரை என்று பேர்.

"அண்ணாச்சி, சோறு காணுமா?"

"தெரியாது."

"எத்தனை பேரு வருவாவன்னு நினைக்கிய?"

"தெரியாதுல்லா."

வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிடும். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். இவ்வளவு பெரிய தவசிப்பிள்ளை, எந்நேரமும் தெரியாது, தெரியாது என்றால் எப்படி? ஆனால் ஒரு வீட்டில் அவர் கைச்சோறு பற்றாமல் போனதில்லை. குப்பையில் கொட்டியதும் இல்லை. அடுத்த விசேஷத்துக்கு அவரைத்தான் தேடி வருவார்கள்.

அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. கோட்டையடுப்பு என்று நீளமாகக் குழி வெட்டி, வரிசையாகப் பாத்திரம் ஏற்றுவோம். அந்த வரிசையின் கடைசியில் ஒரு பித்தளை அண்டா. அதில் முக்கால் அளவுக்குத் தண்ணீர். வேறு ஒன்றும் கிடையாது. அரிசி கிடையாது, பருப்பு கிடையாது. காலையில் தீ மூட்டினதிலிருந்து கடைசி இலை எடுக்கிற வரைக்கும் அது சும்மா கொதித்துக்கொண்டிருக்கும். வற்ற வற்ற ஊற்ற வேண்டும். பக்கத்திலேயே அரிசி மூட்டை வாய் அவிழ்க்காமல் நிற்கும்.

விறகு அள்ளிப் போடுகிறவன் நான். எனக்குத்தானே வயிறு எரியும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"எதுக்குன்னு தெரிஞ்சா அதுல எதையாவது போட்டிருப்பேன்லா."

போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. மனிதருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றே நினைத்தேன்.

முப்பத்திரண்டாவது வயதில் நான் தனியாகத் தொழில் தொடங்கினேன். தனியாக வந்ததும் முதல் வேலையாக அந்தச் சும்மா அண்டாவை ஒழித்தேன். தெரியாது என்ற சொல்லையும் ஒழித்தேன். வீட்டுக்காரர் வாய் திறக்கும் முன்னாலேயே, "முந்நூத்தி நாப்பது பேரு. ஒரு பருக்கை கூடாது, ஒரு பருக்கை குறையாது. நீங்க போய் நிம்மதியா நில்லுங்க" என்பேன். அவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

எப்படி அவ்வளவு துல்லியமாகச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. செருப்புக் கணக்கு. பந்தலுக்குள் ஆட்களை எண்ண முடியாது. எழுந்து நடப்பார்கள், குனிவார்கள், தூணுக்குப் பின்னால் மறைவார்கள். வாசலில் கிடக்கிற செருப்பு நடக்காது. நான் மண்வெட்டி எடுக்கப் போகிற மாதிரி வாசல் பக்கம் போய் ஒரு பார்வை பார்ப்பேன். ஜோடி எத்தனை, அதில் சின்னது எத்தனை. இன்னும் வர வேண்டியவர்களுக்குப் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்வேன். கிலோ அரிசிக்கு எட்டு இலை. கணக்கு முடிந்தது. நான்கு வருஷம் அது பொய்த்ததே இல்லை. குழுவில் என்னைச் செருப்புக் கணக்குப்பிள்ளை என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்குத் தெரியும். அதிலும் எனக்குப் பெருமைதான்.

அது பொய்த்தது ஒரு கார்த்திகை மாதத்தில். டவுனில் புது வீடு பால் காய்ச்சினார்கள். வாசலில் நூற்றுப் பத்து ஜோடி. இன்னும் வருகிறவர்களையும் சேர்த்து நூற்று அறுபது பேருக்கு வைத்தேன். "எண்ணி வச்ச மாதிரி இருக்கும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூன்றாவது பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து உட்கார்ந்தவர்களை அப்போதுதான் பார்த்தேன். வரிசையாகக் கறுப்பு வேட்டி. கழுத்தில் மாலை. சபரிமலைக்கு மாலை போட்ட சாமிகள் ஐம்பது அறுபது பேர். ஒருவர் காலிலும் செருப்பு கிடையாது! காலையிலிருந்து வெறுங்காலோடு வந்து, மாடியில் உட்கார்ந்து, பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அரிசி இருந்தது. கொதிக்கிற தண்ணீர் இல்லை. பச்சைத் தண்ணீரை ஏற்றி, அது கொதித்து, அரிசி போட்டு, வெந்து, வடித்துக்கொண்டு வர ஒன்றே முக்கால் மணி நேரம். சாமிகள் காய்ந்துபோன இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். புது வீட்டுக்குள் அவர் செய்த முதல் காரியம் அது.

செய்தி சுப்பையா அண்ணாச்சிக்குப் போகாமல் இருக்குமா? இரண்டு நாள் கழித்து டீக்கடையில் என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செருப்பு சாப்பிடாதுல்லா வே" என்றார். மறுபடி டம்ளரை எடுத்துக் குடித்தார்.

அடுத்த விசேஷத்திலிருந்து வரிசையின் கடைசியில் அண்டாவை ஏற்றிவிட்டேன். ஆனால் அவருடைய சொல்லை மட்டும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. வாயில் அதே பழைய ஜம்பம்தான். தெரியாது என்று சொல்ல எனக்கு இன்னும் ஆறு வருஷம் ஆனது. அதைச் சொல்ல வைத்தவர் மேலநீலிதநல்லூர் செல்லம்மாள்.

செல்லம்மாள் களையெடுப்பு, அறுப்பு என்று கூலிக்குக் காட்டு வேலைக்குப் போகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் செல்வி. அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு கல்யாணம் பேசி, பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று விலகிவிட்டார்கள். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஊரில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவையும் நின்றுபோனால் அந்தப் பெண்ணுக்கு அப்புறம் யார் வருவார்கள்? சமையலுக்கு என்னைப் பேச வந்த அன்றைக்கே செல்லம்மாள் சொன்னார்: "அண்ணாச்சி, அரிசியும் பருப்பும் சொந்தக்காரவ தூக்கிட்டு வந்து இறக்குனது. ஒரு தடவ ஆக்கத்தான் இருக்கு. இன்னொரு தடவ யார்கிட்டயும் போயி நிக்க முடியாது."

ஐப்பசி மாதம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மாப்பிள்ளைக்கு ஊர் பனவடலிசத்திரத்துக்கும் அந்தப் பக்கம். காலையில் வேனில் கிளம்பி வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் பிடித்த மழை விடவே இல்லை. ஆக்குப்புரைக்கு மேலே தகரம் போட்டு, அடுப்பைச் செங்கல் வைத்து உயர்த்தி, பருத்திமார் என்கிற காய்ந்த பருத்திச் செடியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தீ மூட்டினோம். பருப்பை வேக வைத்தேன். சாம்பார்க் காயை மட்டும் வெட்டச் சொன்னேன். கடைசி அடுப்பில் அண்டா.

செல்லம்மாளின் தம்பி கருப்பசாமி, பெண்ணுக்குத் தாய்மாமன், கையில் செல்போன் வைத்திருந்தான். அப்போது அந்தத் தெருவிலேயே இரண்டு பேரிடம்தான் போன் இருந்தது. ஏழு மணிக்குப் பந்தல் நடுவில் நின்று கத்தினான்.

"கிளம்பிட்டாவ! வேன் கிளம்பிட்டு!"

பந்தலே சிரித்தது. எட்டு மணி ஆகும் முன்னால் இன்னொரு போன். "ஓடையில வெள்ளமாம். வேன் சேத்துல நிக்காம்." கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பேசினார். "திரும்பிப் போறாவளாம்." அப்புறம் மாப்பிள்ளையின் சிநேகிதன் பேசினான். "டிராக்டர் பாக்காவளாம்." எட்டரைக்குப் போன் செத்துவிட்டது. மழையில் டவர் போனதோ, அங்கே போனே தண்ணீரில் விழுந்ததோ. வருகிறார்கள், வரவில்லை, திரும்பிவிட்டார்கள், டிராக்டரில் வருகிறார்கள் என்று நான்கு செய்தியும் ஒரே நேரத்தில் பந்தலுக்குள் உலாவிக்கொண்டிருந்தன. போன் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு குழப்பத்தோடு போயிருக்கும்.

கருப்பசாமி ஆக்குப்புரைக்குள் பாய்ந்தான்.

"என்னவே, இன்னும் அரிசி போடலியா? வந்து எறங்குனா எலையில என்னத்த வைக்க? போடும்வே!"

அவன் பின்னாலேயே ஒரு பெரியவர் வந்தார். "ஏலே, சும்மா கெட. வரலன்னா அம்புட்டுச் சோத்தையும் எந்தக் குளத்துல கொட்ட? எல்லாத்தையும் அணைக்கச் சொல்லு."

"நீரு பெரிய மனுசனா? வாயத் தொறந்தா அபசகுனம்."

"நீ போன வச்சிக்கிட்டு என்னத்தலே கிழிச்ச?"

இரண்டு பேரும் கைகலக்கப் பார்த்தார்கள். என் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேலையில் ஒரு கோடு போட்டேன். வெட்டின காய் தண்ணீரில் கிடந்தால் கெடாது, அது இருக்கட்டும். வெந்த பருப்பு மதியம் வரை தாங்கும், இருக்கட்டும். பாயசத்துக்கு வெல்லத்தைப் பாகாக்கி வைக்கலாம். தேங்காயை உடைக்கக் கூடாது. அரிசியைக் களையக்கூடக் கூடாது. செய்துவிட்டால் திரும்ப மாற்ற முடியாத வேலை எதுவோ அதை நிறுத்து. மாற்ற முடிந்த வேலை எல்லாம் நடக்கட்டும். தீ மட்டும் அணையக் கூடாது. "அண்டாவுக்குத் தண்ணி ஊத்து. பருத்திமார் ரெண்டு கட்டு தள்ளு" என்றேன்.

அப்போதுதான் செல்லம்மாள் வந்தார். நனைந்த சேலை. சத்தம் போடவில்லை. தகரத்துக்குக் கீழே, என் எதிரே வந்து நின்றார்.

"அரிசி போட்டாச்சா அண்ணாச்சி?"

"இல்ல தாயி."

"வரமாட்டாவன்னு நினைக்கியளா?"

வருவார்கள் தாயி, நான் சொல்லுதேன், ஒன்பதரைக்கு வந்து நிற்பார்கள் பாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நூறு வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மாள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் நிச்சயமாக வருகிறோம் என்று சொல்லி ஏமாற்றிய வீடு அது.

"தெரியாது தாயி" என்றேன்.

சொன்னதும் எனக்கே திக்கென்றது. கருப்பசாமி, "தெரியாதா? நீரெல்லாம் ஒரு தவசிப்பிள்ளையா?" என்றான். செல்லம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி அடுப்பைக் காட்டினார்.

"அப்ப அதுல என்ன கொதிக்கு?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"ஆமா. வந்தாவன்னா அரை மணி நேரத்துல சோறு. எத்தன பேரு வந்தாலும் அந்தந்த நேரத்துக்கு அரிசி போட்டுக்கிடலாம். வரலன்னா மூட்டை வாயத் தொறக்கல. அப்படியே அடுக்கி வச்சிருங்க. இன்னொரு நாளைக்கு ஆவும். நானே வந்து ஆக்கித் தாரேன். ரெண்டுக்கும் தயாராத்தான் நிக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர் கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அப்ப நானும் பிள்ளைக்குச் சேலையக் கட்டி விடுதேன். பூவ மட்டும் தண்ணி தெளிச்சு வாழை எலையில பொதிஞ்சு வைக்கேன். வந்தா அஞ்சு நிமிசத்துல வச்சிரலாம்."

போனார். அவ்வளவு நேரம் பெண் மூலையில் பழைய சேலையோடு உட்கார்ந்திருந்தாளாம். கட்டிய பிறகு வராமல் போனால் என்ற பயத்தில் யாரும் பட்டுச்சேலையைத் தொடவில்லையாம். நான் போட்ட கோட்டை, நான் விளக்காமலேயே அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். என்னைவிடக் கெட்டிக்காரி. நான் அப்படி யாரையும் லேசில் சொல்வதில்லை.

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டார். ஒன்றிரண்டு பேர் மெல்லக் குடையை எடுத்தார்கள். நான் அண்டாவுக்கு மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றினேன். உள்ளே பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஜம்பமாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறபோது ஒவ்வொரு நிமிஷமும் என் சொல் பொய்யாகிவிடுமோ என்று கிடந்து தவிப்பேன். அன்று அந்தத் தவிப்பு இல்லை. நெருப்பைப் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதும்தான் என் வேலை. அதை நான் சரியாகச் செய்துகொண்டிருந்தேன்.

பத்தேகாலுக்கு டிராக்டர் சத்தம் கேட்டது.

தெரு முனையில் அது திரும்பியபோது பந்தலே எழுந்து நின்றது. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர். அதில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். நடுவில் மாப்பிள்ளை, முழங்கால் வரை சேறு. பட்டு வேட்டியை மடித்து மார்போடு பிடித்திருந்தான். அவனைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேரைப் பெண் வீட்டார் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. காக்கிச் சட்டையில் ஒரு கண்டக்டர். மார்க்கெட்டுக்குப் பூக்கூடையோடு கிளம்பிய இரண்டு பெண்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். கைலி மூட்டையைத் தலையில் வைத்திருந்த கடையநல்லூர் வியாபாரி ஒருவர்.

மாப்பிள்ளை குதித்து இறங்கி, நேரே செல்லம்மாளிடம் வந்தான்.

"மன்னிச்சிருங்க அத்தை. வேன் சேத்துல புதைஞ்சிட்டு. பின்னால வந்த பஸ்ஸும் நின்னுட்டு. பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேரும் எறங்கித்தான் வேன இழுத்து மேட்டுல விட்டாவ. அப்புறமும் ஓடையக் கடக்க முடியல. டிராக்டர் பிடிச்சேன். இவங்கள விட்டுட்டு வர மனசு வரல. எல்லாரும் நம்ம வீட்டு ஆளுகதான்."

செல்லம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏட்டி, பூவ வைங்கட்டி!" அடுத்து என் பக்கம் திரும்பினார். நான் மூட்டை வாயை அரிவாளால் கிழித்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடியப் பத்து நிமிஷம். முதல் சோறு வடிந்து, ஓலைப்பாயில் வேட்டி விரித்துக் கொட்ட அரை மணி. இலை போட்டு உட்காரும்போது சோறு ஆவி பறந்தது. இறக்கிய அண்டாவில் மறுபடி தண்ணீர். பக்கத்து அடுப்பில் இன்னொன்று. பந்தியைப் பார்த்துப் பார்த்து அரிசி போட்டேன். எண்ணவில்லை. இலை காலியாகும் வேகத்தைப் பார்த்தேன், வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தேன், மழையைப் பார்த்தேன்.

கருப்பசாமிக்கு இப்போது புது உற்சாகம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் முறை விசாரித்தான். கைலி வியாபாரியிடம் வந்து, "நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறை பாய்?" என்றான்.

அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஒரே பஸ் முறை."

பந்தி முழுவதும் சிரித்தது. அவர் சாப்பிட்டு எழுந்ததும் மூட்டையை அவிழ்த்து, மாப்பிள்ளைக்கு ஒரு கைலியை எடுத்துப் போர்த்தினார். "நனைஞ்ச வேட்டியோட நிக்காதீங்க தம்பி, அல்லா காப்பாத்துவான்" என்றார்.

எல்லாம் முடிந்து நான் கை கழுவ வாசல் பக்கம் போனேன். பழைய பழக்கம், கண் தானாகத் தரையில் போய் நின்றது. ஒரு ஜோடிகூட இல்லை. உள்ளூர்க்காரர்கள் சேற்றுக்குப் பயந்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். டிராக்டரில் வந்தவர்களின் செருப்பை ஓடை வாங்கிக்கொண்டது. என் செருப்புக் கணக்குப்படி செல்வியின் கல்யாணத்துக்கு ஒரு ஆள்கூட வரவில்லை!

நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். செல்லம்மாள் ஒரு செம்பு நிறையப் பாயசத்தோடு வந்தார்.

"எத்தன பேரு சாப்பிட்டிருப்பாவ அண்ணாச்சி?"

"தெரியாது தாயி."

அந்த வீட்டு ஏற்பாடு தொடங்கினதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "எனக்கும் தெரியாது" என்றார். "அரிசி இன்னும் கால் மூட்ட மிச்சம் இருக்கு."

இந்தக் கட்டுரையைப் படிக்கிற இளைய சமையல்காரர்கள், இது சமையலுக்கு மட்டும் உதவுகிற வித்தை என்று நினைக்க வேண்டாம். போன வருஷம் பேச்சியம்மாளுக்குக் கண்ணில் ஆபரேஷன். கட்டை அவிழ்த்த பிறகுதான் பார்வை எவ்வளவு திரும்பும் என்று தெரியும் என்றார் டாக்டர். பழைய ஆளாக இருந்தால் டாக்டரிடம் சண்டை போட்டிருப்பேன். இல்லாவிட்டால் பேச்சியம்மாளிடம், எல்லாம் பளிச்சென்று தெரியும் பார் என்று ஜம்பம் அடித்திருப்பேன். இரண்டும் செய்யவில்லை. கை தடவி எடுக்கிற மாதிரி அடுக்களை டப்பாக்களை வரிசை மாற்றி வைத்தேன். அவளுக்குப் பிடித்த ரோஜாக் கன்று ஒன்று வாங்கி வந்து, வீடு திரும்பும்போது கண்ணில் படுகிற மாதிரி வாசலில் வைத்தேன். கட்டை அவிழ்த்தார்கள். அவள் முதலில் பார்த்தது என்னைத்தான்.

"இம்புட்டுக் கிழவனாவா ஆயிட்டீரு? ஒருத்தரும் சொல்லவே இல்லியே" என்றாள்.

டப்பாக்கள் இன்னும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. சௌகரியமாக இருக்கிறதாம்.

முருகேசன் விஷயத்துக்கு வருகிறேன். நான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்தபோது கைலி வியாபாரி வரைதான் அவன் உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் பொறுமை இல்லை.

"கதையெல்லாம் சரி மாமா. நான் நானூத்திப் பன்னெண்டுக்குப் போடட்டா, அறுநூறுக்குப் போடட்டா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியாதுலே."

"ஒரு மணி நேரம் பேசிட்டு இதானா?" என்று எழுந்து வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

"பிள்ள காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டான். உம்ம பெருமைய யாரு கேட்டா?" என்று பேச்சியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வாசலில் மினி வேன் வந்து நின்றது. முருகேசன் உள்ளே வரவில்லை. நடையிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"மாமா, உங்க பழைய பித்தளை அண்டா ஒண்ணு கெடந்துச்சே, இருக்கா?"

"ஒங்கிட்டத்தான் எவர்சில்வர்ல வரிசையா நிக்கே. எதுக்குலே?"

"இல்ல... அது எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு ஆக்கணும். ஒண்ணு சும்மா இருந்தா நல்லதுன்னு பட்டுச்சு."

"நானூத்திப் பன்னெண்டு பேருன்னு போன் சொல்லிச்சுல்லா?"

அவன் தெருவைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, "எத்தன பேரு வருவாவன்னு தெரியாது மாமா" என்றான்.

மாடிப்படிக்குக் கீழே, தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கிடந்த அண்டாவை இரண்டு பேருமாக இழுத்தோம். பேச்சியம்மாள் புளி போட்டு விளக்கித்தான் ஏற்ற விட்டாள். வேன் தெருமுனையில் திரும்பும் வரை அது வெயிலில் மின்னிக்கொண்டே போனது.

அந்த ஒரு சொல் என் வாயில் வர எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆனது. அவனுக்கு நாற்பதிலேயே வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன், இதில் என்னைவிட இரண்டு வயது முந்திவிட்டான். ஆனால் சாம்பாரில் இன்னும் முந்தவில்லை.